ஹட்டன் பக்கம் வீட்டுப் பாவனைக்கு விலை குறைந்த ஆல்-இன்-ஒன் பிரின்டர் எது?

கேள்வி கேட்டவர் தரம் 5, தரம் 9 படிக்கும் இரண்டு பிள்ளைகளின் அம்மா. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, போன் மட்டும்தான். பிரின்ட், ஸ்கேன், கொப்பி மூன்றும் வேண்டும், ஆனால் காசு கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்கிறார். கடையில் மலிவாக ஒரு பிரின்டர் காட்டினார்களாம், அதை வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்காதீர்கள். கடைக்காரர் காட்டியது அனேகமாக சின்ன மைப் பெட்டியை முடிய முடிய மாற்றுகிற கார்ட்ரிட்ஜ் பிரின்டராகத்தான் இருக்கும். வாங்குவதென்றால் மை போத்தலை ஊற்றி நிரப்புகிற டேங்க் பிரின்டர், அதிலும் வைஃபை உள்ளது வாங்குங்கள். எப்சன் எல்3250, கெனன் ஜி3010 அல்லது ஜி3020, பிரதர் டிசிபி-டி420டபிள்யூ, இவற்றில் எது ஏஜன்ட் வோரண்டியோடு உங்களுக்குக் கிட்டக் கிடைக்கிறதோ அது. அவ்வளவுதான் பதில். ஏன் என்று கேட்டால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

நான் கொட்டகலையில் வீட்டிலேயே புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு டியூசன் நடத்துகிறேன். 14 பிள்ளைகள். 2018இல் நானும் இப்படித்தான் மலிவு என்று ஒரு கார்ட்ரிட்ஜ் பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எந்தக் கம்பனி என்பது முக்கியமில்லை, இந்த விஷயத்தில் எல்லாரும் ஒன்றுதான். பிரின்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மையை யானை விலை குதிரை விலைக்கு விற்பதுதான் அந்த வியாபாரமே. சாதாரணக் கறுப்புக் கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 180 பக்கம் வரும், கொஞ்சம் பெரியதென்றால் 400, 480 வரும். அதுவும் கம்பனி போடும் கணக்கு. என் டியூட் (பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சித்தாள்) ஒன்று 8 பக்கம். 14 பிள்ளைகளுக்கு 112 பக்கம். இரண்டாவது கிழமையே கார்ட்ரிட்ஜ் காலி! பிறகு ஒரு தம்பி சிரிஞ்சால் மை ஏற்றிக் கொடுத்தார். மூன்று தடவை ஓடியது, நாலாம் தடவை ஒவ்வொரு வரியிலும் நடுவில் வெள்ளைக் கோடு. பிள்ளைகள் அதைக் கோடிட்ட இடம் என்று நினைத்து நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

டேங்க் பிரின்டரின் கணக்கு வேறு. எப்சன் 003 கறுப்புப் போத்தல் 65 மில்லிலீற்றர், சுமார் 4500 பக்கம் என்று சொல்கிறார்கள். கெனன் ஜி3010க்கு ஊற்றும் 790 கறுப்பு 135 மில்லிலீற்றர், சுமார் 6000 பக்கம். போத்தல் 4500 ரூபா என்றே வைத்துக்கொண்டாலும் எப்சனில் பக்கத்துக்கு மைச் செலவு ஒரு ரூபாதான். எங்கள் பக்கத்து கொமினிகேசனில், அதாவது பிரின்ட், கொப்பி எடுக்கும் கடையில், பிரின்ட் ஒன்றுக்கு 20 ரூபா வாங்குகிறார்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள், கடதாசிக் காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஊற்றும் மையில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும், அதனால் முதல் போத்தல் சீக்கிரம் முடிந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம். படம் நிறைய உள்ள பக்கம் அடித்தாலும் இந்தக் கணக்கெல்லாம் பாதியாகிவிடும்.

ஆனால் ஒன்று. மாதத்துக்கு இருபது முப்பது பக்கம்தான் என்றால் பிரின்டரே வேண்டாம், கொமினிகேசனே போதும். மை பிரின்டர் ஓடாமல் கிடந்தால் மை பீய்ச்சும் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்ய கிளீனிங் கொடுத்தால் அதுவும் மையைத்தான் குடிக்கும், குடித்த கழிவு மை உள்ளே இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்தால் பிரின்டர் நின்றுவிடும். ஜி3020இல் அந்தப் பஞ்சு உள்ள பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம், அது ஒரு பெரிய நிம்மதி. என்னிடம் இருக்கும் ஜி3010இல் அந்த வசதி இல்லை. அதனால் தேவையில்லாமல் கிளீனிங் கொடுப்பதில்லை. கிழமைக்கு ஒரு தடவை கலரும் கறுப்பும் உள்ள ஒரு பக்கம் அடித்துவிடுவேன். பிள்ளைகளுக்குக் கலர் படம் ஒன்று அடித்துக் கொடுத்தால் வேலையும் முடியும், அவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

கொழும்பு ஆட்கள் எழுதுவதில் இல்லாத ஒரு விஷயம் நம்ம ஊர் ஈரம். வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, நம்ம பக்கமும் மழைக்குக் குறைவில்லை. ஜூன், ஜூலையில் கட்டைப் பிரித்து வைத்த கடதாசி இரண்டு நாளில் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். தட்டில் ஐம்பது தாள் வைத்தால் இரண்டு மூன்றாகச் சேர்த்து இழுக்கும், இல்லாவிட்டால் நடுவில் சுருட்டிக்கொண்டு நிற்கும். நான் முதலில் பிரின்டரில்தான் கோளாறு என்று நினைத்து ஹட்டனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி தன்னுடைய கட்டில் இருந்து பத்துத் தாளை எடுத்து வைத்தார், மடமடவென்று வந்தது. "டீச்சர், பிரின்டருக்கு ஒன்றுமில்லை, உங்க பேப்பருக்குத்தான் தடிமன் பிடிச்சிருக்கு" என்றார். அதற்குப் பிறகு கட்டைப் பிரித்தவுடன் சொப்பிங் பேக்கில் போட்டு இறுக்கிக் கட்டி அலுமாரியில் வைத்துவிடுவேன். அடிக்கும்போது இருபது தாள் மட்டும் எடுத்து, சீட்டுக்கட்டு மாதிரி விசிறிவிட்டு வைப்பேன். பிரின்டரையும் அடுப்படிக்குக் கிட்ட வைக்காதீர்கள். விறகுப் புகைக் கரி ரோலரில் படிந்தால் தாளைப் பிடிக்காது. நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: எப்சன் பிரின்டர்களுக்கு 10 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று கணக்கு. தை, மாசி விடியற்காலையில் அங்கே அதற்குக் கீழே போகும், வெயில் ஏறியபிறகு அடியுங்கள்.

ஈரம் மையையும் விடாது. ஒரு நாள் எங்கள் பிள்ளை ஒருத்தி மழையில் நனைந்து வந்தாள், பைக்குள் டியூட்டும் நனைந்திருந்தது. சிவப்பில் அடித்த தலைப்பெல்லாம் கரைந்து பீட்ரூட் கறி மாதிரி ஓடியிருந்தது. கறுப்பு எழுத்து மட்டும் அப்படியே. கெனன் ஜி3010இன் கறுப்பு பிக்மென்ட் மை, தண்ணீருக்கு லேசில் அசையாது. கலர்கள் டை மை, கரையும். அன்றிலிருந்து தலைப்பும் கறுப்புத்தான்.

கரண்ட் விஷயம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்த நாட்களில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். ஹெட் தன் இடத்துக்குத் திரும்பி மூடிக்கொள்ளாமல் நடுவழியில் நிற்கும், மை காயும். இப்போதும் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் இதே கதைதான். கரண்ட் வந்ததும் பிரின்டரை ஒரு தடவை போட்டு, அதிலுள்ள பட்டனாலேயே அணையுங்கள். சுவிட்ச் போர்டில் அணைக்கிற பழக்கம் நம் வீடுகளில் எல்லாருக்கும் உண்டு, என் மாமியாருக்கு ரொம்பவே உண்டு. முதலில் பட்டன், விளக்கு அணைந்தபிறகு சுவிட்ச்.

அதே வருஷம் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறி, கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். அந்த நாட்களில் பழைய டியூட்டின் பின்பக்கத்தில் அடித்துத்தான் வகுப்பை ஓட்டினேன். இந்த விலைப் பிரின்டர்களில் இரண்டு பக்கமும் தானாக அடிக்கிற வசதி இருக்காது, தாளைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். பழகிவிடும்.

உங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை என்பதால்தான் வைஃபை என்று அழுத்திச் சொல்கிறேன். எல்3210 மாதிரி வயர் மட்டும் உள்ளது கொஞ்சம் மலிவு, ஆனால் போனை மட்டும் வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட வேண்டி வரும். வைஃபை உள்ளதென்றால் ரவுட்டர் கூடத் தேவையில்லை, போனும் பிரின்டரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும், டேட்டாவும் போகாது. வாட்சப்பில் டீச்சர் அனுப்பும் பேப்பரையும், பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் இருந்து எடுக்கும் பாஸ்ட் பேப்பரையும் அப்படியே அடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: வேர்ட் கோப்பாக வந்தால் கவனம். நம் ஆசிரியர்கள் பலர் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் தட்டுகிறார்கள். போனில் பாமினி எழுத்துரு இருக்காது, 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக வந்து விழும். நான் ஒரு தடவை பார்க்காமல் 40 பக்கம் அடித்துவிட்டுத் தலையில் கை வைத்தேன். "பிடிஎஃப்பாக அனுப்புங்க டீச்சர்" என்று கேளுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஸ்கேனரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், இந்த விலையில் எல்லாம் ஒன்றுதான், 300 டிபிஐ போதும். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வேண்டுமென்றால் கண்ணாடியில் அட்டையை மேல் பாதியில் வைத்து ஒரு கொப்பி, வந்த தாளையே மறுபடி அதே பக்கமாகத் தட்டில் வைத்து, அட்டையைத் திருப்பிக் கீழ்ப் பாதியில் வைத்து இன்னொரு கொப்பி. மாமியாரின் ஈபிஎஃப் வேலைக்கு பிரதேச செயலகம், தோட்ட ஒபீஸ் என்று அலைந்தபோது இதுதான் கைகொடுத்தது.

லேசர் வாங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கறுப்பு மட்டும் போதும், மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும் என்றால் லேசர்தான் நல்லது, அதிலுள்ள டோனர் என்ற மைத்தூள் காயாது. ஆனால் அடிக்கும்போது சில நூறு வாட் இழுக்கும், டேங்க் பிரின்டருக்குப் பத்துப் பதினைந்து வாட் போதும். எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் ஹீட்டர் போட்டால் பக்கத்து வீட்டு பல்ப் மங்கும், அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிள்ளைகளின் படம், செயற்திட்டம் எல்லாம் கலரில் வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

கடைசியாக, கொழும்பில் யூனிட்டி பிளாசா பக்கம் போய் வாங்கினால், "டெஸ்ட் பண்ணித் தாறோம்" என்று கடையிலேயே மை ஊற்ற விடாதீர்கள். அக்கா அப்படி ஊற்றிய பிரின்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தா. கித்துல்கல வரை ஒன்றுமில்லை. கினிகத்தேன வளைவுகளில் பெட்டி சாய்ந்து சாய்ந்து, ஹட்டனில் இறங்கும்போது புடவை முழுக்க மஜெண்டா. சீல் உடைக்காத பெட்டியாகக் கொண்டுவந்து, வீட்டில் மேசையில் வைத்து, போத்தலை நீங்களே ஊற்றுங்கள். பத்து நிமிஷ வேலை. மேசைக்கு அடியில் பழைய பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள்.