ஐரிஷ்மேன் படத்தில் ஹோஃபாவை மாஃபியா ஏன் கைவிட்டது?

வணக்கம் நண்பரே. ‘தி ஐரிஷ்மேன்’ படத்தில் அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் ஜிம்மி ஹோஃபாவோடு கைகோத்திருந்த மாஃபியாவே அவருக்கு எமனாவது ஏன், காலமும் ஏன் குழப்புகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

பணம் போன வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹோஃபா தலைமை தாங்கிய டீம்ஸ்டர்ஸ் லாரி ஓட்டுநர் சங்கத்தின் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் ஓய்வூதிய நிதி 1955இல் தொடங்கியது. தொழிலாளி பெயரில் லாரி முதலாளிகள் வாராவாரம் கட்டிய காசு அது. மாஃபியாவின் பிடியில் இருந்த லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளுக்கு அதிலிருந்துதான் கடன் போனது. உழைத்தவன் முதுமைக்கு வைத்த பணம், கொடுமை! 1967இல் ஹோஃபா சிறைக்குப் போனதும் சங்கப் பொறுப்புக்கு அவருடைய துணைவர் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் வந்தார். மாஃபியாவுக்கு ஃபிட்ஸ்சிம்மன்ஸ் இன்னும் வசதி. 1971 டிசம்பரில் அதிபர் நிக்சன் ஹோஃபாவின் தண்டனையைக் குறைத்தார், ஆனால் 1980 வரை சங்கப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஹோஃபா அதை எதிர்த்து வழக்குப் போட்டு, நாற்காலியைத் திரும்பக் கேட்டார். அதுதான் வினை.

1975 ஜூலை 30 அன்று டெட்ராய்ட் அருகே காணாமல் போனார். உடல் கிடைக்கவே இல்லை. படத்தில் வரும் கொலை, படத்தின் நாயகனான ஃபிராங்க் ஷீரன் நிஜத்தில் சொன்ன கதை. பலர் அதை ஏற்பதில்லை.

காலக் குழப்பத்துக்கு ஒரு வழி: மாஃபியா தலைவர் ரஸ்ஸலும் ஃபிராங்கும் மனைவியரோடு காரில் நெடும்பயணம் போனால் 1975. ஃபிராங்க் கதை சொல்லும் முதியோர் இல்லம் அதற்கு வெகுகாலம் பின்னால். மறுபடி பார்க்கும்போது ஃபிராங்கின் பாராட்டு விழாவில் ஹோஃபாவுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையைக் கவனியுங்கள். முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.