வழிப்போக்கரின் பிள்ளைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஹைட்டி வம்சாவளியினரின் குடியுரிமை பறிபோனது பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். இரண்டும் ஒரே தீவில் இருக்கும் நாடுகள். இரண்டு பக்கமும் ஆப்பிரிக்க அடிமைகளின் வாரிசுகள். கறுப்பர்களே கறுப்பர்களை இப்படி வெறுப்பார்களா?

க., மதுரை

அன்புள்ள க.,

வெறுப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. 1822 முதல் 1844 வரை ஹைட்டி டொமினிக்கன் பக்கத்தை ஆண்டது. அந்த ஆட்சியிலிருந்து விடுபட்ட நாளைத்தான் டொமினிக்கன்கள் இன்றும் சுதந்திர தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1937 அக்டோபரில் டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ருஹியோவின் படை எல்லையோரத்தில் ஆயிரக்கணக்கான ஹைட்டியரை வெட்டிக் கொன்றது. ஆனால் அப்போதும் அமெரிக்கக் கம்பெனிகளின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த ஹைட்டியர் மேல் பெரும்பாலும் கை வைக்கவில்லை. வெறும் நிறவெறி என்றால் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

கரும்பு வெட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் ஊர்க்காரன் ஆகிவிடக் கூடாது. தோட்டத்துக் குடியிருப்புகளை அங்கே பத்தே என்பார்கள். கரும்பு வெட்ட வந்த ஹைட்டியர் அங்கேயே குடும்பமானார்கள், பிள்ளை பெற்றார்கள். அந்த மண்ணில் பிறந்தால் குடியுரிமை உண்டு என்றுதான் சட்டம் இருந்தது. தூதர்களின் பிள்ளைகளுக்கும், நாட்டைக் கடந்து போகிற வழிப்போக்கரின் பிள்ளைகளுக்கும் மட்டும் கிடையாது. பழைய குடியேற்ற விதிப்படி வழிப்போக்கர் என்றால் பத்து நாள் தங்குகிறவர். 2013 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம், ஆவணமில்லாமல் காலமெல்லாம் கரும்பு வெட்டியவரும் வழிப்போக்கர்தான் என்றது! அதுவும் 1929 முதல் பிறந்த பிள்ளைகளுக்கே பொருந்தும் என்று சொல்லிவிட்டது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் மதிப்பீட்டில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் நாடற்றவர்கள் ஆனார்கள்.

இத்தனைக்கும் பெற்றோரின் குடியேற்ற நிலையைப் பிள்ளை தலையில் கட்டக் கூடாது என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2005லேயே சொல்லியிருந்தது. பத்தேயில் பிறந்து, 13 வயதில் கரும்புத் தொழிலாளர் போராட்டத்துக்காகக் கைதான சோனியா பியர் அந்த வழக்குக்காக உழைத்தவர். 2011ல் இறந்துவிட்டார், 2013 தீர்ப்பைப் பார்க்கவில்லை.

உலகம் கண்டித்த பிறகு 2014ல் ஒரு சட்டம் வந்தது. பிறப்பு பதிவானவர்களுக்குக் குடியுரிமை திரும்பும் என்றார்கள். சரி, பதிவாளர் அலுவலகம் அப்பனிடம் காகிதம் இல்லை என்று பதிய மறுத்த பிள்ளைகள்? அவர்கள் பிறந்த ஊரிலேயே வெளிநாட்டவர் என்று பதிந்துகொண்டு, இரண்டு வருடம் கழித்துக் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்றார்கள். என்னைக் கேட்டால் தீர்ப்பைவிட இதுதான் மோசம்.