வணிகவியல் படித்த பெண்ணுக்குத் தொலைக்காட்சியில் என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்த மகள் ஊடக மேலாண்மைதான் படிப்பேன் என்று நிற்கிறாள், கேமரா முன்னால் நிற்கிற பிழைப்பு நம் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் விரிவாகப் பேசினேன். நடிப்பிலோ படப்பிடிப்பிலோ அவளுக்கு நாட்டமில்லை. நிகழ்ச்சி உரிமையையும் விளம்பர நேரத்தையும் விற்கும் வேலைக்குப் போக நினைக்கிறாள். அந்த வேலை என்னவென்று தெரிந்தால் உங்கள் கவலை பாதி குறையும். அது பெருந்தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவில், அங்கிருந்தே சொல்கிறேன்.

அங்கே ஊருக்கு ஊர் தனித் தொலைக்காட்சி நிலையங்கள் உண்டு. பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் நீல்சன் நிறுவனம் அந்நாட்டை 210 சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. என்.பி.சி., சி.பி.எஸ். போன்ற பெரிய தொலைக்காட்சி வலையமைப்புகள் (நெட்வொர்க்குகள்) தரும் நிகழ்ச்சிகள் போக மிச்சமுள்ள நேரத்தை நிலையங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கான நிகழ்ச்சிகளை ஊர் ஊராக விற்பதுதான் சிண்டிகேஷன். 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடரை என்.பி.சி. 1969இல் நிறுத்திக்கொண்டது. மொத்தமே 79 பகுதிகள். அதன் பெரும் ரசிகர் கூட்டம் திரண்டதோ பிறகு உள்ளூர் நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியபோதுதான். எந்த வலையமைப்பிலும் ஓடாமல், தொடக்கம் முதலே நிலையங்களுக்கு விற்கப்படும் நிகழ்ச்சிகளும் உண்டு. ஓப்ரா வின்ஃப்ரேயின் உரையாடல் நிகழ்ச்சி 1986 முதல் 2011 வரை நாடெங்கும் அப்படித்தான் ஓடியது.

பணம் எங்கிருந்து வருகிறது? நிலையம் சில நிகழ்ச்சிகளுக்குப் பணம் கொடுக்கும். சிலவற்றுக்கு விளம்பர நேரத்தையே விலையாகக் கொடுக்கும். இரண்டும் கலந்த ஒப்பந்தமும் உண்டு. அரைமணி நேர நிகழ்ச்சியில் ஏழு நிமிடம் விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிமிடம் நிலையத்துக்கு. அதை உள்ளூர்க் கார் விற்பனையாளருக்கும் மரச்சாமான் கடைக்கும் அது விற்கும். மீதி மூன்று நிமிடத்தை நிகழ்ச்சியின் விநியோகஸ்தர் தன் கையில் வைத்துக்கொண்டு, நாடெங்கும் சரக்கு விற்கும் சோப்பு, மருந்து நிறுவனங்களுக்கு விற்பார்.

சோப்பு நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம்? நூற்றுக்கணக்கான நிலையங்களோடு தனித்தனியாகப் பேரம் பேசாமல், ஒரே ஒப்பந்தத்தில் நாடு முழுவதும் விளம்பரம் வந்துவிடும். பெரும்பாலும் வலையமைப்புகளின் இரவு நேர விலையைவிடக் குறைவு. திங்கள் முதல் வெள்ளி வரை அதே நேரத்தில் அதே குடும்பம் உட்கார்ந்து பார்ப்பதால், விளம்பரம் மனத்தில் பதியும். வாக்களித்த அளவு பார்வையாளர்கள் வராவிட்டால், ஈடாகக் கூடுதல் விளம்பரம் இலவசமாகப் போட்டுத்தரும் வழக்கமும் உண்டு. சிக்கலும் இல்லாமல் இல்லை. ஒரே நிகழ்ச்சி ஓர் ஊரில் மாலை நான்கு மணிக்கும் இன்னோர் ஊரில் நள்ளிரவிலும் ஓடும். எத்தனை சந்தைகளில் இடம் கிடைத்திருக்கிறது, எந்த நேரத்தில், எந்த வயதினர் பார்க்கிறார்கள் என்று ஊர்வாரியாகக் கூட்டி, விளம்பரதாரர் முன் வைக்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் மகள் கேட்கும் வேலை அதுதான். வணிகவியல் படித்தவளுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

நம் ஊருக்கும் இது அந்நியமல்ல. தமிழ் மெகா தொடர்களின் தயாரிப்பாளர்கள் சேனலிடம் நேரத்தை வாங்கி, அதில் வரும் விளம்பர விநாடிகளைத் தாங்களே விற்ற ஏற்பாடு இதற்குத் தூரத்து உறவு.

ஒன்றை மறைக்க மாட்டேன். தொலைக்காட்சியின் வருமானம் இணையத்தின் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் பழைய தொடர்கள் இப்போது டூபி, புளூட்டோ டிவி போன்ற இலவசத் தளங்களுக்கும் போகின்றன. அங்கும் விளம்பர வருவாயைப் பங்கு பிரிக்கும் பேச்சு நடக்கிறது. அதனால் சேனல் விற்பனையை மட்டும் கற்றால் போதாது. உரிமை ஒப்பந்தத்தையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. மாதக் கடைசியில் விற்பனை இலக்கு நெருக்கும். இரண்டையும் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊடகத் திட்டமிடல் (எந்த விளம்பரத்தை எங்கே, எப்போது போடுவது என்று தீர்மானிப்பது), பார்வையாளர் அளவீடு, உரிமை ஒப்பந்தம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேமராவும் எடிட்டிங்கும் மட்டுமே இருந்தால் அது அவளுக்கான படிப்பு அல்ல, கட்டாதீர்கள். அகமதாபாத்தின் மைகா போன்ற நிறுவனங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குள் சென்னையில் ஏதாவது ஒரு விளம்பர நிறுவனத்தின் ஊடகத் திட்டமிடல் பிரிவில் இரண்டு மாதம் பயிற்சிக்கு அனுப்புங்கள். உதவித்தொகை சொற்பமாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே நாள் முழுக்க எண்களோடு உட்கார அவளுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாடத்திட்டத்தோடு இருவரும் வாருங்கள். உட்கார்ந்து முடிவு செய்வோம்.