கண்மாயைக் கட்டத்துக்குள் கொண்டுவருவது எப்படி? சொற்புதிர் கேள்வி பதில்

சுற்றுச்சூழல் சொற்களைப் பிள்ளைகளுக்குச் சொற்புதிர் வழியாகச் சொல்லித் தருவது பற்றி மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள் இவை. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வகுப்பில் நடத்திப் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், மேலூர்: அக்கா, என்னிடம் வருவது மூன்றாவது, நாலாவது படிக்கிற பிள்ளைகள். பல்லுயிர், நீர் மேலாண்மை என்று பாடத்தில் வருகிற சொற்களை வைத்தே புதிர் போட்டுவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம்மா. கண்ணால் பார்க்க முடிகிறதில் இருந்து ஆரம்பியுங்கள். உங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கண்மாய், அதாவது ஏரி இருக்கிறது, அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒரு சாயங்காலம் பெரியவர்கள் இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு கரைமேல் நடந்து போய் வாருங்கள். தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம். மழை பெய்த தண்ணீர் வரத்துக்கால் வழியாக வந்து கண்மாயில் நிற்கிறது. மடையைத் திறந்தால் வயலுக்குப் போகிறது. கண்மாய் நிரம்பி மிஞ்சுகிற தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறி, மறுகாலில் ஓடி அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்தாகப் போய்ச் சேர்கிறது. இந்த வழியை ஒரு தடவை நடந்து பார்த்த பிள்ளைக்கு ஆறு ஏழு சொல் சேர்ந்தே வந்துவிடும், ஒன்றோடு ஒன்று எப்படி ஒட்டுகிறது என்பதும் சேர்ந்து வரும். நீர் மேலாண்மை என்ற பெரிய சொல்லை அதற்கு அப்புறம் சொல்லுங்கள். அப்போது அதற்குள் வைக்க அவர்களிடம் சரக்கு இருக்கும்.

புதிரை மறுநாள் கொடுங்கள். பார்த்ததை நினைவில் இருந்து எடுக்க வைக்கத்தான் புதிர். பார்க்காததைப் புதிரே சொல்லிக் கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அரசுப் பள்ளி ஆசிரியர், திருமங்கலம்: டீச்சர், குறுக்கெழுத்துப் போட்டுப் பார்த்தேன், சொற்கள் ஒன்றையொன்று வெட்டவே மாட்டேன் என்கின்றன. இங்கிலீஷில் சுலபமாக வருகிறதே?

அங்கே 26 எழுத்து, நமக்கு 247. பொது எழுத்து அமைவது கஷ்டம்தான். ஆனால் ஒரு வழி இருக்கிறது சார். புள்ளி எழுத்துகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் சொற்களில் பாதிக்கு மேல் நடுவிலோ கடைசியிலோ ஒரு புள்ளி எழுத்து வந்துவிடும்.

கண்மாய் என்பதை இடமிருந்து வலமாக எழுதுங்கள். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், ஆக நாலு கட்டம். இரண்டாவது கட்டத்தில் ‘ண்’ இருக்கிறது. அதே கட்டத்தை வெட்டி மேலிருந்து கீழாக வண்டல் இறங்கும். வண்டலின் கடைசி ‘ல்’ இருக்கும் கட்டத்தில், குறுக்கே வரும் மறுகால் வந்து முடியும். மறுகாலின் முதல் ‘ம’வில் இருந்து மதகு கீழே இறங்கும். மதகின் ‘கு’வில் கலுங்கு வந்து முடியும். கலுங்கின் ‘க’வில் இருந்து கரையைக் கீழே இறக்கினால் ஆறு சொல் கோத்தாயிற்று. தாளில் போட்டுப் பாருங்கள், எங்கும் இடிக்காது. பொருள் ஒன்றாக இருக்கிற சொற்களைப் பத்துப் பன்னிரண்டு எழுதி வைத்துக்கொண்டு, அதில் கோர்வையாக வருகிறதை மட்டும் எடுங்கள். வராததை விட்டுவிடுங்கள், அடுத்த புதிருக்கு ஆகும்.

ஓர் அம்மா, அண்ணாநகர்: டீச்சர், என் மகள் இங்கிலீஷ் மீடியம், இரண்டாவது படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டுவதற்கே திணறுகிறாள். அவளுக்கும் இது ஆகுமா?

ஆகும். அவளை எழுத வைக்காதீர்கள், அடுக்க வையுங்கள். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை கிடக்கும், அந்த அட்டையைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, ஒரு துண்டுக்கு ஓர் எழுத்து எழுதுங்கள். ‘கொ’ என்றால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே துண்டில் இருக்க வேண்டும். கொக்கு, நாரை, நத்தை, தவளை என்று சின்னச் சொல்லாக எடுத்து, துண்டுகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கிற இடத்துக்கு வண்டியூர் கண்மாய் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப் போனால் கொக்கை நேரிலேயே காட்டிவிடலாம்.

ஆட்டோவில் பள்ளிக்குப் போகும்போது வாய்ப்புதிர் போடுங்கள். மூன்று குறிப்பு, கஷ்டமானது முதலில். “தண்ணீர் ஓரத்துக் கம்பியில் உட்கார்ந்திருப்பேன்.” தெரியவில்லையா? “முதுகு நீலம், மார்பு வெள்ளை.” அப்பவும் இல்லையா? “என் பேரிலேயே என் சாப்பாடு இருக்கிறது.” மீன்கொத்தி என்று அவள் கத்துவாள் பாருங்கள்!

தலைமையாசிரியர், வாடிப்பட்டி: எழுத்துக் கட்டத்தில் சொல் தேடும் புதிரைப் பிள்ளைகள் விரும்பிச் செய்கிறார்கள். ஆனால் அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள்.

கீழே சொற்பட்டியல் கொடுத்திருப்பீர்கள். பட்டியல் இருந்தால், பொருள் தெரியாமலேயே எழுத்தின் உருவத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பட்டியலை எடுத்துவிட்டுக் குறிப்பு மட்டும் கொடுங்கள். நாலாம் வகுப்புக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம், எட்டுச் சொல் போதும். சொற்களைத் தலைகீழாக வைக்க வேண்டாம். தமிழில் புள்ளி எழுத்தில் சொல் தொடங்காது. அது பிள்ளைகளுக்குத் தேடுவதற்கு நல்ல துப்பு, அதைக் கெடுக்காதீர்கள். காலிக் கட்டங்களில் ‘ஙௌ’ மாதிரி எங்கும் பார்க்காத எழுத்தைப் போட்டால் அது நிரப்பியது என்று உடனே தெரிந்துபோகும். விடைச் சொற்களில் இருக்கிற எழுத்துகளையே மாற்றி மாற்றிப் போடுங்கள்.

குறிப்பு எழுதுவதில்தான் நம் உழைப்பு இருக்கிறது. “ஒரு முள்மரம்” என்று எழுதினால் கருவேலமா, சீமைக்கருவேலமா? “மஞ்சள் உருண்டைப் பூ, விதைக்கு விதை இடுங்கிய நெற்று” என்றால் நம் நாட்டுக் கருவேலம். “நீளமாகத் தொங்கும் வெளிர்மஞ்சள் பூங்கொத்து, ஆடு தின்று விதை பரப்பும், அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது” என்றால் சீமைக்கருவேலம். இப்படி எழுதினால் பிள்ளை அடுத்த முறை மரத்தடியில் நின்று பூவைப் பார்க்கும். இரண்டு மரத்தின் நெற்றையும் வகுப்புக்குக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். முள் மட்டும் பத்திரம்.

பேரனுக்காகக் கேட்கும் தாத்தா, உசிலம்பட்டி: புத்தகத்தில் ஏரி என்று போட்டிருக்கிறான். நாங்கள் கண்மாய் என்போம். பிள்ளை எதை எழுத?

இரண்டையும் எழுதட்டும் ஐயா. புதிரில் கண்மாய் விடையாக இருக்கட்டும், ஏரி குறிப்பில் வரட்டும். உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். பனையில் குருத்து, பாளை, மட்டை, கருக்கு, வடலி என்று உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் பேரனிடம் சொல்லி எழுத வையுங்கள். நுங்கும் பதநீரும் அவனுக்கே தெரியும், மற்றது உங்கள் வாயில் இருந்துதான் வர வேண்டும். பனை நம் மாநில மரம், அதற்கென்றே ஒரு புதிர் போடலாம்.

ஆறாம் வகுப்பு ஆசிரியை, ஒத்தக்கடை: பெரிய பிள்ளைகளுக்கு அரிட்டாபட்டியை வைத்துப் புதிர் போடலாமா?

தாராளமாக. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம், உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லகர் வல்லூறு, எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு, சுனை, குன்று எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் சொற்கள். பல்லுயிர் என்ற சொல்லையும் இங்கே விடையாக வையுங்கள், ஆனால் கடைசிச் சொல்லாக. மற்ற விடைகளைக் கண்டுபிடித்து முடித்தவர்களுக்கு, “மேலே உள்ள அத்தனையும் சேர்ந்தது” என்ற குறிப்பே போதும்.

ஓர் அப்பா, விளாங்குடி: குப்பை பற்றி ஒரு புதிர் சொல்லுங்கள்.

வாழை இலை, தேங்காய் நார், பால் பாக்கெட், முட்டை ஓடு. பொருந்தாதது எது? மக்காத பால் பாக்கெட். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, பால் பாக்கெட்டுக்கு ஏன் விலக்கு என்று பிள்ளை கேட்டால் மழுப்பாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள்.

கணினி ஆசிரியர், மதுரை: புதிர் உருவாக்கும் இலவச இணையதளங்களில் தமிழ் உடைகிறதே?

ஆங்கிலத்துக்காகச் செய்ததில் உடையும். கணினிக்கு ‘மா’ என்பது ம ஒன்று, கால் ஒன்று. ‘கண்மாய்’ என்று தட்டிப் பாருங்கள். நாலு கட்டம் வந்தால் அந்தத் தளம் ஆகும். ஏழு கட்டம் வந்து, புள்ளியும் காலும் தனித்தனியாக நின்றால் மூடிவிடுங்கள். எக்செல் தாளில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நீங்களே தட்டிக்கொள்ளலாம், கட்டம் போட்ட கணக்கு நோட்டும் போதும்.