வீட்டு வரைபடத்தில் கையெழுத்திடும் முன்

கேள்வி: 30 அடிக்கு 50 அடி மனையில் கீழ்த்தளமும் மாடியுமாக வீடு கட்டப்போகிறோம். நான், என் கணவர், 7 வயது மகள், 4 வயது மகன், முழங்கால் வலியோடு இருக்கும் 70 வயது மாமியார் என ஐந்து பேர். கணவருக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை. வரைபடத்தில் பத்துக்குப் பத்து அளவில் நான்கு படுக்கையறைகள், ஒவ்வொன்றுக்கும் குளியலறை, நடுவில் ஹால், ஹாலுக்குள் படிக்கட்டு, அதன் கீழே ஒரு கழிப்பறை என எல்லாமே அடங்கிவிட்டன. ஆனாலும் கையெழுத்திட மனம் வரவில்லை. எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: தயங்கியது நல்லது. உங்கள் கடிதத்தில் நான்கு இடங்கள் எனக்கு இடிக்கின்றன: பத்துக்குப் பத்து அறை, படிக்கட்டின் கீழே கழிப்பறை, நடுவில் அமைந்த ஹால், மாமியாரின் அறை எந்தத் தளத்தில் என்று நீங்கள் குறிப்பிடாதது. வரைபடத்தில் ஓர் அறை வெறும் கட்டமாகத்தான் தெரியும். அதற்குள் கட்டில் எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஆள் எந்த வழியாக நடப்பார் என்பவற்றையும் போட்டுப் பார்த்தால்தான் அந்த அறை புழங்கத் தகுந்ததா என்று தெரியும். ஆகவே வரைபடம் போட்டவரிடம், உங்களிடம் இருக்கிற, இனி வாங்கப்போகிற சாமான்களின் அளவுகளைக் கொடுத்து, அவற்றை அதே அளவு விகிதத்தில் வரைந்து தரச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதிக் குறைகள் வெளிப்பட்டுவிடும்.

பத்துக்குப் பத்து அறையையே எடுத்துக்கொள்வோம். அது உள் அளவா, சுவரின் நடுக்கோட்டிலிருந்து எடுத்த அளவா என்பதை முதலில் கேளுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்திருந்தால், பூச்சும் போக உள்ளே சுமார் 9 அடி 2 அங்குலமே மிஞ்சும். உள் அளவே 10 அடி என்று வைத்துக்கொண்டாலும், இருவர் படுக்கும் கட்டில் 5 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் கொண்டது. தலைமாட்டைச் சுவரில் ஒட்டினால் கால்மாட்டில் மூன்றரை அடி இருக்கும். அங்கே 2 அடி ஆழமுள்ள துணி அலமாரியை வைத்தால் நடக்க ஒன்றரை அடிதான் மிஞ்சும், அலமாரிக் கதவை முழுதாகத் திறக்கவும் இடம் இராது. அலமாரியைக் கட்டிலின் பக்கவாட்டுக்கு மாற்றினால் கட்டிலை எதிர்ச்சுவரோடு ஒட்ட வேண்டிவரும். சுவரோரம் படுப்பவர் இரவில் எழுந்திருக்க அடுத்தவரைத் தாண்ட வேண்டும். இதே அறை 11 அடிக்கு 12 அடியாக இருந்தால் கட்டிலின் இரு பக்கமும் மூன்று மூன்று அடியும், கால்மாட்டில் அலமாரி போக மூன்றரை அடியும் கிடைக்கும். கூடுதலாகச் செலவாகும் இடம் 32 சதுர அடி மட்டுமே.

அந்த 32 சதுர அடி எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். உங்கள் குழந்தைகள் இருவரும் இன்னும் சில ஆண்டுகள் ஒரே அறையில்தான் இருப்பார்கள். இப்போதே அவர்களுக்கு இரண்டு சிற்றறைகளும் இரண்டு குளியலறைகளும் கட்டுவதைவிட, மாடியில் 11 அடிக்கு 18 அடியில் ஓர் அறை கட்டி, அதில் இரண்டு கதவுகளுக்கும் இரண்டு ஜன்னல்களுக்கும் இரண்டு தொகுதி மின் இணைப்புகளுக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். பிள்ளைகள் வளர்ந்தபின் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு வைத்தால், ஒற்றைக் கட்டிலும் மேசையும் கொள்ளும் இரண்டு அறைகள் கிடைத்துவிடும். அவர்களுக்குப் பொதுவாக ஒரு குளியலறை போதும்.

அடுத்தது படிக்கட்டு. வரைபடத்தில் இதற்குத்தான் பெரும்பாலும் இடம் குறைத்துப் போடுகிறார்கள். தளத்துக்குத் தளம் 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம் என்று கொண்டால், 7 அங்குல உயரத்தில் 18 படி ஏற வேண்டும். ஒன்பது ஏறித் திரும்பி மீண்டும் ஒன்பது ஏறும் அமைப்பில், கால் வைக்கும் பலகை 10 அங்குலம் எனில், ஒரு வரிசையின் நீளம் 6 அடி 8 அங்குலம். அதோடு படி திரும்பும் இடத்து மேடையான லேண்டிங்கின் 3 அடியையும் சேர்த்தால் 9 அடி 8 அங்குல நீளமும் ஏறத்தாழ ஆறரை அடி அகலமும் வேண்டும். ஏறத் தொடங்கும் இடத்தில் ஆள் நின்று திரும்ப இன்னும் 3 அடி விட வேண்டும். உங்கள் வரைபடத்தில் இதைவிடச் சிறிய கட்டம் இருந்தால், கட்டும்போது படிகள் செங்குத்தாகிவிடும். மாமியாரும் நான்கு வயதுக் குழந்தையும் இருக்கும் வீட்டில் அது ஆபத்து.

இந்தக் கணக்கே கழிப்பறைக்கும் பதில் சொல்கிறது. லேண்டிங்கின் மேற்பரப்பு தரையிலிருந்து 63 அங்குலத்தில் வரும். அதன் கான்கிரீட் கனம் ஐந்தாறு அங்குலம் போக, கீழே நிற்க சுமார் 4 அடி 9 அங்குலமே இருக்கும். பெரியவர் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாத அந்த இடத்தில் கழிப்பறை வைப்பது ஒவ்வொரு நாளும் துன்பம் தரும். குழாய் அடைத்துக்கொண்டால் வேலையாள் குனிந்தபடியே பழுது பார்க்க வேண்டியிருக்கும். அந்த இடத்தைச் செருப்பு அலமாரிக்கும், பெட்டிகள், ஏணி, துடைப்பம் ஆகியவற்றுக்கும் விட்டுவிடுங்கள். இத்தகைய பொருள்களுக்கு எந்த வரைபடத்திலும் இடம் ஒதுக்கப்படுவதில்லை. குடிபுகுந்த மறுநாளே அவை ஹாலுக்கு வந்துவிடுகின்றன.

ஹாலுக்கு வருவோம். நடுவில் ஹால், சுற்றிலும் அறைகள் என்ற அமைப்பில் ஹாலுக்கு வெளிச்சுவர் கிடைப்பது அரிது. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் பகல் வெளிச்சம் பயன்படும் அளவுக்கு உள்ளே வரும். மேல்விளிம்பு ஏழடியில் இருக்கும் ஜன்னலுக்கு அது 14 முதல் பதினேழரை அடி. வாசல் கதவை மட்டும் நம்பிய நடு ஹாலில் பகலிலும் விளக்கு எரியும், காற்றும் ஓடாது. ஹாலை முன்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு வெளிச்சுவரைத் தொடும்படி நகர்த்துங்கள். முடிந்தால் இரண்டு வெவ்வேறு சுவர்களில் ஜன்னல் வரட்டும், காற்று ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறும். கிழக்கு, மேற்குப் பக்க ஜன்னல்களுக்குச் சன்ஷேடு மட்டும் போதாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். காலையிலும் மாலையிலும் வெயில் தாழ்ந்து சாய்வாக வருவதால், அங்கே செங்குத்துத் தடுப்போ மரமோதான் உதவும்.

வெளிச்சத்தோடு இன்னொரு தொல்லையும் உண்டு. ஹாலில் திறக்கும் கதவுகளை எண்ணிப் பாருங்கள். வாசல், இரண்டு படுக்கையறைகள், சமையலறை, கழிப்பறை, படிக்கட்டின் தொடக்கம் என்று ஆறு வாய்கள் இருந்தால், ஹால் உட்காரும் இடமாக இராது, நாற்சந்தி ஆகிவிடும். கட்டி முடித்த ஒரு வீட்டைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். 14 அடிக்கு 16 அடி ஹால். ஆனால் எந்தச் சுவரிலும் இரண்டு கதவுகளுக்கு நடுவே நான்கடிக்கு மேல் இடைவெளி இல்லை. சோபாவை அறை நடுவில் போட்டிருந்தார்கள். சமையலறைக்குப் போகிறவர் ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சியை மறித்துக்கொண்டு நடந்தார். சுவரை இடிக்காமல் என்னால் ஏதும் செய்ய முடியவில்லை. கதவுகளை ஒரே ஓரத்தில் சேர்த்து, நடைவழி ஹாலின் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டுச் செல்லும்படி அமைத்தால், மீதிப் பகுதி அமைதியாகக் கிடைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வரைபடத்தின் நகலில் ஒரு நாளைப் பென்சிலால் நடந்து பார்ப்பது. காலையில் முதலில் எழுபவர் எங்கிருந்து எங்கே போகிறார், பிள்ளைகளின் பை எங்கே இருக்கும், துவைத்த ஈரத் துணி எந்த வழியாக உலர்த்தும் இடத்துக்குப் போகும், வந்தவர் கை கழுவ எங்கே போவார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் கோடு போடுங்கள். கோடுகள் எங்கே குவிகின்றனவோ அங்கே இடம் அதிகம் வேண்டும். தேவையின்றி எங்கே நீள்கின்றனவோ அங்கே கதவை மாற்ற வேண்டும். இது புதிய வழக்கமன்று. 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்குச் சமையலறை வடிவமைத்தபோது, சமைப்பவரின் அசைவுகளையும் எடுத்து வைக்கும் அடிகளையும் கணக்கிட்டே ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடத்தில் எல்லாவற்றையும் அமைத்தார்.

உங்கள் சமையலறையிலும் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி மூன்றையும் கோட்டால் இணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும் இருந்தால் வசதி. பின்கட்டுக்குப் போகும் வழி அந்த முக்கோணத்தைக் குறுக்கே வெட்டக் கூடாது. கொதிக்கும் பாத்திரத்தோடு திரும்புகிறவர்மேல் ஓடிவரும் குழந்தை மோதுவது அந்த இடத்தில்தான். எதிரெதிரே இரண்டு மேடைகள் வருமானால் நடுவே 4 அடி விடுங்கள். மேடையின் உயரத்தை அதிகம் சமைப்பவரின் முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே வையுங்கள். யாருடைய உயரத்துக்கோ பொருந்திய பொது அளவை ஏற்க வேண்டாம்.

இனி மாமியாரின் அறை. நீங்கள் எவ்வளவு மாற்றங்களை ஏற்றாலும் மறுத்தாலும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருடைய அறையும் அதற்குரிய குளியலறையும் கீழ்த்தளத்தில், ஹாலின் பேச்சு காதில் விழும் தொலைவில், படுக்கையிலிருந்து சில அடிகளிலேயே கழிப்பறைக்குப் போகும்படி இருக்க வேண்டும். வழக்கமான இரண்டரை அடிக் குளியலறைக் கதவு இங்கே உதவாது. சக்கர நாற்காலி நுழையத் திறந்த கதவின் வழியே 32 அங்குலம் தடையின்றி வேண்டும். நிலையின் வெளி அளவு 3 அடி என்றால் சட்டங்களும் கதவின் கனமும் போக அது மிஞ்சுவது அரிது, எனவே 3 அடி 3 அங்குலமாகக் கேளுங்கள். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். உள்ளே தவறி விழுந்தவர் கதவின்மேல் சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து யாராலும் தள்ளித் திறக்க முடியாது. உள்ளே 5 அடி விட்டமுள்ள வெற்றுத் தரை இருந்தால் நாற்காலியைத் திருப்ப முடியும். கைப்பிடி பொருத்தும் சுவர்களை முழுச் செங்கல்லாகக் கட்டச் சொல்லுங்கள். இன்று கைப்பிடி தேவைப்படாவிட்டாலும், பிறகு பொருத்தும்போது சுவர் எடை தாங்கும். வாசல் தரை மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்றால், ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில் சரிவுப் பாதைக்கு 18 அடி வேண்டும். இப்போது கட்டாவிட்டாலும் வீட்டின் பக்கவாட்டில் அதற்கான இடத்தை விட்டு வையுங்கள்.

மாடிக் குளியலறைகளைக் கீழ்க் குளியலறைக்கோ சமையலறைக்கோ நேர்மேலே அமையுங்கள். குழாய்கள் நேராக இறங்கும். ஹாலின் கூரைக்குள் கழிவுநீர் ஓடும் ஓசையும் பின்னாளில் கசிவும் வராது. கணவரின் வேலை அறையைத் தொலைக்காட்சிச் சுவருக்குப் பின்னால் வைக்காமல் மாடியில் வைத்து, பிள்ளைகளின் அறைக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர் முழுக்க அலமாரி வரும்படி செய்தால் சத்தம் ஓரளவு அடங்கும்.

இவை அனைத்தும் தூண்கள் குறிக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் தூண்களின் இடத்தைத் தீர்மானித்த பிறகு ஒரு கதவை நகர்த்துவதுகூடப் பெரிய காரியமாகிவிடும். கையெழுத்திடும் முன், நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் ஒவ்வோர் அறையையும் டேப்பால் அளந்து, புதிய வரைபடத்தின் அளவுகளோடு ஒப்பிட்டு, எது நெருக்கம், எது தாராளம் என்று ஐவரும் உட்கார்ந்து பேசுங்கள். அதற்குப் பிறகு, மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அடித்தளம் எழும்பும்போது, அறைகள் எல்லாம் திடீரெனச் சிறுத்துவிட்டதுபோல் தோன்றும். பலர் அந்த நேரத்தில்தான் பதறி, சுவரைத் தள்ளிப் போடச் சொல்கிறார்கள். சுற்றிலும் திறந்தவெளியாக இருப்பதால் வரும் தோற்றம் அது; சுவர்கள் எழும்பினால் சரியாகிவிடும். அன்றைக்கும் அதே டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்; வரைபடத்தில் உள்ள உள் அளவு வந்திருந்தால் வேலையைத் தொடரச் சொல்லலாம்.