எஃப்-14 போர்விமானம் கேட்டு அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போக வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறிய விமான அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற எஃப்-14 டாம்கேட் போர்விமானம் ஒன்றை எங்களுக்கு மாற்றித்தரச் சொல்லி, எங்கள் தொகுதி உறுப்பினர் மூலம் காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) மசோதா கொண்டுவரலாம் என்கிறது நிர்வாகக் குழு. இது சரிவருமா? சட்டம் வந்தால் விமானம் இலவசமாகக் கிடைத்துவிடுமா?

பதில்: விமானத்தை நிறுத்திவைத்துக் காட்டுவது மட்டும்தான் நோக்கமென்றால் மசோதாவே தேவையில்லை. அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 2572ஆம் பிரிவு அதற்கு ஏற்கெனவே வழிசெய்திருக்கிறது. வழக்கொழிந்த போர்த்தளவாடங்களை மாநகராட்சிகள், லாப நோக்கற்ற அருங்காட்சியகங்கள், முன்னாள் படைவீரர் சங்கங்கள் போன்றவற்றுக்கு இரவலாகவோ கொடையாகவோ கொடுக்க அது படைத்துறைகளுக்கு அதிகாரம் தருகிறது. விமானம் பெரும்பாலும் இரவலாகத்தான் வரும். கடற்படை விமானம் என்றால் ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள தேசியக் கடற்படை விமான அருங்காட்சியகத்தை அணுகுங்கள். விமானப்படையுடையது என்றால் ஓஹையோவின் டேட்டனில் உள்ள அருங்காட்சியகம்.

இரவல் விமானத்தைப் பறக்கவிட முடியாது. அனுமதியின்றி ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டவும் கூடாது. உரிமையே வேண்டும், அல்லது பறக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்னும்போதுதான் தனிச்சட்டம் பேச்சுக்கு வருகிறது. 1998இல் நிறைவேறிய பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம் (படைத்துறைச் செலவுகளுக்கு ஒப்புதல் தரும் சட்டம்), பழைய விமானங்களைப் பாதுகாக்கும் காலிங்ஸ் அறக்கட்டளைக்கு எஃப்-4 ஃபாண்டம் போர்விமானம் ஒன்றைத் தர வழிசெய்தது இப்படித்தான். தனி மசோதாவாகவே நின்று நிறைவேறுவது அரிது. ஆண்டுதோறும் வரும் இந்தப் பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தில் ஒரு பிரிவாகச் செருகுவதே நடைமுறை. இரண்டு ஆண்டு காங்கிரஸ் காலம் முடிந்தால் நிறைவேறாத மசோதா காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்துதான்.

மசோதாவின் வாசகத்தில் முதலில் பார்க்க வேண்டியது வினைச்சொல். 'செயலர் (படைத்துறையின் தலைமைப் பொறுப்பாளர்) வழங்கலாம்' என்றிருந்தால் அது அனுமதி மட்டும்தான். அவர் வழங்காமலும் இருக்கலாம். 'வழங்க வேண்டும்' என்றிருந்தால்தான் கட்டளை. அடுத்து, விமானத்தின் வரிசை எண்ணைக் குறிப்பிடுமுன் அது இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். ஓய்வுபெற்ற படை விமானங்களை நிறுத்திவைக்கும் அரிசோனாவின் டேவிஸ்-மாந்தன் தளத்தில் பல ஆண்டு நின்ற விமானங்களில் பாகங்கள் கழற்றப்பட்டிருப்பது சாதாரணம். வழங்கும் பிரிவுகளில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருப்பார்கள். பழுதுபார்த்துத் தரும் கடமை அரசுக்கு இல்லை. ஃபாண்டம் சட்டத்தில் இன்னும் சில நிபந்தனைகள் உண்டு: ஆயுதம் ஏவும் திறன் நீக்கப்பட்டிருக்க வேண்டும், அரசுக்குச் செலவு வைக்கக் கூடாது, ஒப்புதலின்றி வேறொருவருக்கு மாற்றினால் உரிமை அரசுக்கே திரும்பிவிடும். ஆக, 'இலவசம்' என்பது விலைச்சீட்டில் மட்டும்.

எஃப்-14க்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல். அந்த விமானத்தை வாங்கிய ஒரே வெளிநாடு ஈரான். 1979 புரட்சிக்கு முன் 79 விமானங்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. அமெரிக்கக் கடற்படை 2006இல் ஓய்வு கொடுத்த விமானங்களின் பாகங்கள் சுற்றிவளைத்து அங்கே போய்விடக் கூடாது என்பதற்காக, 2008 நிதியாண்டுக்கான பாதுகாப்பு அங்கீகாரச் சட்டத்தின் 1035ஆம் பிரிவு, பாதுகாப்புத் துறை அந்தப் பாகங்களை விற்பதற்குத் தடை போட்டது. வரலாற்று நோக்கில் எஃப்-14ஐப் பாதுகாக்கும் அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு அதே பிரிவில் விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் பதிவேடு வையுங்கள். மிஞ்சிய பாகத்தை இணையத்தில் ஏலம் விட்டால் வில்லங்கம்தான்.

செலவு பெரும்பாலும் சாலையில்தான் ஆகும். எஃப்-14 சுமார் 19 மீட்டர் நீளம். வெற்று எடையே 18 டன்னைத் தாண்டும். இதன் இறக்கை முன்னும் பின்னும் சுழலக்கூடியது: விரிந்தால் அகலம் 19.5 மீட்டர், பின்னே மடித்தாலும் 11.6 மீட்டர். அமெரிக்க நெடுஞ்சாலையில் சிறப்பு அனுமதியின்றிப் போகக்கூடிய அகலமோ 2.6 மீட்டர். ஆகவே இறக்கையைப் பிரித்தே ஆக வேண்டும். கடந்துபோகும் ஒவ்வொரு மாநிலத்திலும் அனுமதி வாங்க வேண்டும். அவசரத்தில் ரம்பத்தால் அறுப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு இறக்கைகளும் பொருந்திச் சுழலும் நடுப்பெட்டி டைட்டேனியத்தால் பற்றவைக்கப்பட்டது. அதில் கைவைத்தால் விமானம் பழைய நேர்கோட்டுக்கு வராது. இறக்கை சுழலும் அச்சான சுழல் முளையைக் கழற்றத் தெரிந்த ஆட்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.

லாரியில் ஏற்றுமுன், ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தள்ளும் வெடிப்பொதிகளும் விதானத்தை (விமானி அறையின் கண்ணாடி மூடியை) பிரிக்கும் வெடிப்பொதிகளும் அகற்றப்பட்டதற்கு எழுத்துச் சான்று வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. இருட்டில் ஒளிர, கதிரியக்கமுள்ள ரேடியம் பூசிய பழைய மானிகள் இருக்கின்றனவா என்று கதிர்மானியால் சோதிக்கச் சொல்லுங்கள்.

வந்து சேர்ந்ததும் எடையை டயரிலிருந்து இறக்கி முட்டுத்தாங்கிகளில் ஏற்றுங்கள். காற்று இறங்கிய டயரில் நின்றால் ஒரு பக்கம் சாயும். காற்று நுழைவாயிலையும் எஞ்சின் வாயையும் வலையிட்டு அடைக்காவிட்டால் பறவை எச்சம் அலுமினியத்தை அரித்துவிடும். தேன்கூட்டு அமைப்புள்ள தகடுகளில் மழைநீர் புகுந்தால் உள்ளேயே உப்பிவிடும். வடிகால் துளைகள் அடைபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு ஆள் பார்க்கட்டும்.