ஸ்பீட் ஓவன் வாங்குவதற்கு முன் சுவரைப் பாருங்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தின் கொக்குவிலில் வீட்டைத் திருத்திக் கட்டிவருகிறோம். குசினிக்குப் புதிய அலுமாரிகள் அடிக்கும்போதே ஓவனுக்கும் இடம் விட வேண்டும் என்று தச்சர் கேட்கிறார். வீட்டில் ஐந்து பேர். வாரத்தில் ஒருநாள் கோழி வாட்டுவோம். நத்தாருக்கும் பிறந்தநாட்களுக்கும் கேக் செய்வோம். மற்றைய நாட்களில் றோல்ஸ், பற்றிஸ் சூடாக்குவதுதான் பெரிய வேலை. ரொறன்ரோவிலுள்ள தமையனார், தாம் பாவிக்கும் ஸ்பீட் ஓவனைப் போன்ற ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். அதை ஏற்பதா, இங்கேயே வாங்குவதா, அல்லது மைக்ரோவேவும் சாதாரண ஓவனும் தனித்தனியாகப் போதுமா?

பதில்: தமையனாரின் அன்பை ஏற்று, இயந்திரத்தை மட்டும் மறுத்துவிடுங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 60 அதிர்வு). இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற் வேறுபாட்டைப் பெரியதொரு மின்மாற்றி சமாளிக்கும்; ஹேர்ட்ஸ் வேறுபாட்டை அது தொடவே மாட்டாது. 60 ஹேர்ட்ஸுக்கென அமைந்த மைக்ரோவேவின் உள்ளேயிருக்கும் மின்மாற்றி 50 ஹேர்ட்ஸில் ஓடும்போது அளவுக்கு மீறிச் சூடேறும். மின்சாரத்தின் அதிர்வை எண்ணி நேரம் காட்டும் கடிகாரம் அதில் இருந்தால், அது 60 நிமிடத்தைக் கடக்க 72 நிமிடம் எடுக்கும். 240 வோல்றில் ஓடும் வட அமெரிக்க ஓவன்களும் 60 ஹேர்ட்ஸுக்கே செய்யப்பட்டவை என்பதால், வோல்ற் பொருந்துகிறதே என்று அவற்றையும் எடுக்க வேண்டாம். ஏதாவது அனுப்பியே தீருவேன் என்று அவர் நின்றால், சூடு தாங்கும் கண்ணாடித் தட்டுகளையும் இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றையும் கேளுங்கள். இரண்டும் எந்த மின்சாரத்துக்கும் பொருந்தும்.

ஸ்பீட் ஓவன் என்பது மைக்ரோவேவையும், மேற்பரப்பைச் சிவக்க வைக்கும் இன்னொரு சூட்டையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்த இயந்திரம். 1999 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அட்வான்டியம் என்ற பெயரில் வெளியிட்ட ஓவன் ஹலோஜன் விளக்குகளின் சூட்டை மைக்ரோவேவோடு இணைத்தது. இன்று பெரும்பாலானவை விசிறி சுழற்றும் சூடான காற்றையும் மேலே ஒரு கிறில் கம்பியையும் பயன்படுத்துகின்றன. மைக்ரோவேவ் தனியாக நின்றால் உணவு வேகும், ஆனால் சிவக்காது. காரணம், அது உணவிலுள்ள நீரைச் சூடாக்குகிறது. நீர் 100 பாகையில் ஆவியாகிவிடும். இறைச்சியும் மாவும் பொன்னிறமாகும் மாற்றமோ 140 பாகையளவில்தான் விரைவுபடும். சூடான காற்று வெளியை உலர்த்திச் சிவக்க வைக்க, மைக்ரோவேவ் மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழம்வரை நேரடியாகச் சூட்டைக் கொண்டுபோகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் வேகம்.

கடைக்காரர் பெரும்பாலும் சொல்லாமல் விடுவதும் இதைத்தான். எங்கள் சதுர முள் பிளக் தாங்குவது 13 அம்பியர். 230 வோல்றால் பெருக்கினால் ஏறத்தாழ 3 கிலோவாற். உணவுக்கு 900 வாற் கொடுக்கும் மைக்ரோவேவ் சுவரிலிருந்து 1,400 வாற் அளவில் இழுக்கும். அதோடு 2,000 வாற் காற்றுச் சூடாக்கியும் கிறிலும் சேர்ந்து ஓடினால் பிளக் தாங்காது. ஆகவே மேசையில் வைக்கும், சூடான காற்றும் சேர்ந்த கொன்வெக்ஷன் மைக்ரோவேவ்களில் பல, கலப்பு முறையில் இரண்டையும் மாறிமாறிப் போடுகின்றன. அல்லது ஒவ்வொன்றையும் குறைத்து ஓட்டுகின்றன. அலுமாரிக்குள் பொருத்தும் 45 சென்ரிமீற்றர் உயர ஸ்பீட் ஓவன்களில் பல 16 அம்பியர் தனி இணைப்பைக் கேட்பதற்கும் இந்தக் கணக்கே காரணம். இரண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளி உங்கள் சமையலில் தெரியுமா என்பதுதான் கேள்வி.

கோழியில் தெரியும். ஒன்றேகால் கிலோ முழுக்கோழி சாதாரண ஓவனில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நல்ல ஸ்பீட் ஓவனில் அந்த நேரம் பாதியளவுக்குக் குறையலாம். ஆனால் எங்கள் முறையில் மசாலாவைத் தடிப்பாக அப்பி வைத்தால் இந்த வேகம் எதிராக வேலை செய்யும்: ஈரப் பசை உலரும்வரை தோல் சிவக்காது, உலர்ந்த பின்னரோ ஏற்கெனவே வறுத்து இடித்த யாழ்ப்பாணத் தூள் விரைவில் கருகிக் கசக்கும். தேசிப்புளி, உப்பு, மஞ்சள், சிறிது எண்ணெய் ஆகியவற்றோடு ஊறவைத்து, வாட்டுவதற்கு முன் தோலைத் துடைத்து, தூளைக் கடைசிப் பத்து நிமிடத்தில் எண்ணெயில் குழைத்துப் பூசுவது நல்லது. தொடையும் உடலும் சேரும் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் வெப்பமானியைக் குத்தி 74 பாகை காட்டுகிறதா என்று பாருங்கள். மைக்ரோவேவ் சேர்ந்த சமையலில் ஓரம் வெந்து நடு பின்தங்குவது வழமை என்பதால், நிறத்தை நம்பி இறக்கக் கூடாது.

கேக்கில் தெரியாது. வெண்ணெய்க் கேக்கின் மா பொங்கி, அந்தப் பொங்கல் நிலைத்து நிற்க நேரம் வேண்டும். மைக்ரோவேவைச் சேர்த்தால் சில இடங்கள் முந்தி இறுகி, சில இடங்கள் ஈரமாகவே நிற்கும். ஆகவே எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீட் ஓவனிலும் கேக்கைக் காற்றுச் சூட்டில் மட்டுமே, வழமையான நேரத்துக்கே வேகவைப்பீர்கள். அங்கே முக்கியமானது இடவசதி. வீடுகளில் பலர் வைத்திருக்கும் 9 அங்குலச் சதுரத் தட்டின் மூலைவிட்டம் 32 சென்ரிமீற்றரைத் தாண்டும். சுழலும் தட்டுள்ள சிறிய ஓவனில் அது மூலை இடித்து நின்றுவிடும். உங்கள் தட்டைக் கடைக்கே கொண்டுபோய் உள்ளே வைத்துச் சுழலவிட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

றோல்ஸ், பற்றிஸ் விடயத்தில் ஸ்பீட் ஓவன் உதவும் என்பது உண்மை. உள்ளே சூடும் வெளியே மொறுமொறுப்பும் சில நிமிடங்களில் கிடைக்கும். ஆனால் அதே வேலையை மைக்ரோவேவில் அரை நிமிடமும் எயார் பிறையரில் மூன்று நான்கு நிமிடமும் வைத்து முடிக்கலாம். சோறு, பிட்டு, கறி சூடாக்க வெறும் மைக்ரோவேவே போதும். புதிதாகச் சோறு வடிக்கவும் பிட்டு அவிக்கவும் காஸ் அடுப்பை விட்டு நகர வேண்டிய தேவையே இல்லை.

எனவே வாரம் ஒரு கோழிக்காக 16 அம்பியர் ஸ்பீட் ஓவனை நான் பரிந்துரைக்க மாட்டேன். 30 லீற்றருக்குக் குறையாத கொன்வெக்ஷன் மைக்ரோவேவ் ஒன்று உங்கள் மூன்று தேவைகளையும் முடிக்கும். கோழிக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். கேக் அடிக்கடி செய்வீர்களானால் விடை மாறும்: அப்போது தனி மின் ஓவனும் 20 லீற்றர் மைக்ரோவேவும் நல்ல சோடி, ஒன்று பழுதானாலும் மற்றது நிற்கும். ஸ்பீட் ஓவன் பொருந்துவது, வேலையால் மாலை ஆறு மணிக்கு வந்து ஏழு மணிக்குள் வாட்டிய இறைச்சியோ மீனோ மேசைக்கு வர வேண்டும் என்ற நிலை பெரும்பாலான நாட்களில் உள்ள வீட்டுக்கு.

எதை எடுத்தாலும் வயரிங்கை இப்போதே, சுவர் பூசுவதற்கு முன் செய்வியுங்கள். பழைய வீடுகளில் வட்ட முள் பிளக்கும் அதற்குள் செருகிய அடப்ரரும் இன்னும் உண்டு. அதில் ஓவனைக் கொழுவவே கூடாது. ஓவனுக்கென 7/0.67 வயரில் (0.67 மில்லிமீற்றர் இழைகள் ஏழு கொண்டது) தனிச் சுற்று இழுத்து, தனி பிரேக்கர் போடச் சொல்லுங்கள். பின்னொரு நாள் 16 அம்பியர் இயந்திரம் வாங்க எண்ணமிருந்தாலோ, மின் பலகையிலிருந்து குசினி தூரமாக இருந்தாலோ அதைவிடத் தடித்த 7/0.85 போடுவது நல்லது. சுவரை இரண்டாம் முறை உடைப்பதை விட அது மலிவு. வீட்டுக்கு வரும் இணைப்பு 30 அம்பியர் ஒற்றைக் கட்டம் என்றால், ஓவன், கேத்தில், தண்ணீர் மோட்டர் மூன்றும் சேரும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். மின் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை: 3 கிலோவாற் முழுதாக 20 நிமிடம் ஓடினாலும் ஓர் அலகுதான்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் பல இடங்களில் மண் மெல்லிய படை, அதன்கீழ் சுண்ணாம்புக் கல். எர்த் கம்பி அந்த மெல்லிய படைக்குள்ளேயே நின்றால் மாரியில் நன்றாக வேலை செய்து, ஆவணி வெயிலில் மண் காய்ந்ததும் வலுவிழக்கும். கோடையிலேயே மின்னிணைப்பாளரை மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள்; 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள். மைக்ரோவேவின் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ற் உண்டு. பிளக்கைக் கழற்றிய பின்னும் கபாசிற்றரில் மின்னேற்றம் நிற்கலாம் என்பதால், அதன் மூடியை வீட்டில் எவரும் திறக்க வேண்டாம்.

தச்சரிடம் அளவு கொடுப்பதற்கு முன் இயந்திரத்தைத் தெரிவுசெய்து, அதன் கையேட்டிலுள்ள காற்று இடைவெளிகளைக் காட்டுங்கள். மேசையில் வைப்பதற்கென்று செய்ததை அலுமாரிக்குள் அடைத்தால் அதன் ஆயுள் குறையும். எங்கள் பக்கத்தில் பல்லியும் எறும்பும் காற்றுத் துவாரத்தால் நுழைந்து மின்சுற்றுப் பலகையைக் கெடுப்பது சாதாரணம். சூடு தேடி வருகின்றன போலும். துவாரத்தை வலையால் மூடினால் காற்றோட்டம் குறையும் என்பதால், இயந்திரத்தைச் சுற்றி நாளாந்தம் துடைத்து வைப்பதே வழி. கடலோரமாக இருப்பவர்கள் உட்சுவர் பூச்சுப் பூசியதை விட்டு, துருப்பிடிக்காத எஃகில் உள்ளதை எடுக்கலாம்.

ஸ்ரான்லி வீதியிலோ கஸ்தூரியார் வீதியிலோ கடையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஒரு லீற்றர் நீரை முழு வலுவில் ஒரு நிமிடம் வைத்தால், 900 வாற் என்று எழுதிய இயந்திரத்தில் நீர் 12, 13 பாகை சூடேற வேண்டும். எட்டு ஒன்பதோடு நின்றால் எழுதியதும் உள்ளதும் ஒன்றல்ல. பிறகு கிறில் தட்டில் பாண் துண்டுகளைப் பரப்பி, நான்கு மூலையும் ஒரே அளவில் சிவக்கின்றனவா என்று பாருங்கள். கதவுச் சுவிச்சும், உள்ளே மைக்ரோவேவ் வரும் துவாரத்தை மூடும் மைக்கா தகடும் முதலில் பழுதாகக்கூடியவை. அவை யாழ்ப்பாணத்திலேயே கிடைக்குமா, உத்தரவாதத் திருத்தம் இங்கேயே நடக்குமா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.